சிக்னலில் நின்றால் கார் உதறுகிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதையெல்லாம் கவனிங்க!

ஓடும்போது எந்தப் பிரச்னையும் தெரியாது. சிக்னலில் பிரேக் பிடித்து நிறுத்தியதும் ஸ்டீயரிங், சீட், கியர் லீவர் எல்லாம் சேர்ந்து நடுங்கும். ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும். சில நேரம் இன்ஜினே ஆஃப் ஆகிவிடும். பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் எதுவுமே நடக்காதது போல வண்டி ஓடும். பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதை 'வண்டி மிஸ்ஸிங் ஆகுது' என்று ஒரே வார்த்தையில் சொல்லி, சாவியை மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஏழெட்டு காரணங்கள் இருக்கலாம். எப்போது உதறுகிறது என்று சொல்லாமல் வண்டியை விட்டால் முதலில் பிளக், அப்புறம் காயில், அப்புறம் ஃப்யூல் பம்ப் என்று பில் ஏறிக்கொண்டே போகும். உதறல் மட்டும் அப்படியே இருக்கும்.

நின்றால் மட்டும் ஏன்?

பெட்ரோல் கார் இன்ஜின் சூடான பிறகு, நிற்கும்போது பொதுவாக 650 முதல் 900 ஆர்பிஎம்-க்குள் ஓடும். இதைத்தான் ஐடிலிங் என்கிறோம். 800 ஆர்பிஎம்-ல் ஓடும் 4 சிலிண்டர் இன்ஜினில் நிமிடத்துக்கு 1,600 முறை பெட்ரோல் எரிகிறது. அதில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால், நாலு பேர் தூக்கிவரும் பீரோவில் ஒருத்தர் கையை விட்டது மாதிரி இன்ஜின் ஆடும். வேகமாக ஓடும்போதும் இந்தக் குறை இருக்கவே செய்கிறது. ஆனால் சுழலும் வேகத்தில் அது அமுங்கிவிடுகிறது. ஐடிலிங்கில் மறைக்க இடமில்லை.

இன்னொன்று, உள்ளே போகும் காற்று. நிற்கும்போது இன்ஜின் எடுப்பது மிகக் கொஞ்சம் காற்றுதான். அதில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் பெட்ரோல் கலவையின் விகிதம் கெட்டுவிடும்.

முதலில், அது இன்ஜின்தானா?

நிற்பதற்கு முன்பே, வேகம் குறையும்போது ஸ்டீயரிங்கும் பிரேக் பெடலும் அதிர்ந்து, முழுதாக நின்றதும் அதிர்வு போய்விட்டால் பெரும்பாலும் அது பிரேக் டிஸ்க் பிரச்னை. இன்ஜினைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

நின்ற பிறகும் கார் முழுக்க நடுங்குகிறது, ஆனால் ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்கிறது, இன்ஜின் சத்தமும் சீராக இருக்கிறது என்றால் இன்ஜின் மவுண்ட்டைப் பார்க்கச் சொல்லலாம். இன்ஜினின் இயல்பான அதிர்வு பாடிக்கு வராமல் தாங்கும் ரப்பர் இது. வெடித்தாலோ அமுங்கினாலோ அதிர்வு நேராக சீட்டுக்கு வரும். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதித்தபடி 'டி'-யில் நிற்கும்போது நடுக்கம் அதிகமாகி, 'என்'-க்கு மாற்றியதும் குறைந்தால் மவுண்ட் மீதான சந்தேகம் வலுக்கும்.

ஆல்டோ கே10, டியாகோ போன்ற 3 சிலிண்டர் கார்களில் லேசான துடிப்பு பிறவியிலேயே உண்டு. 4 சிலிண்டர் காரிலிருந்து மாறியவர்களுக்கு இது புதுசாகத் தெரியும். அதேபோல, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆர்பிஎம் 1,000-க்கு மேல் ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்குவதும் குறை கிடையாது.

அதிகம் மாட்டுவது த்ராட்டில் பாடி

இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் கதவுதான் த்ராட்டில். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இது கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். ஓரத்தில் விடும் மெல்லிய இடைவெளியில் போகும் காற்றில்தான் ஐடிலிங் நடக்கிறது. இன்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி அந்த இடைவெளியில் கரியாகப் படிந்தால் காற்று போதாது. கம்ப்யூட்டர் கதவைக் கூடுதலாகத் திறந்து ஓரளவுக்குச் சமாளிக்கும். அதையும் மீறிக் கரி சேரும்போதுதான் காலை எடுத்ததும் ஆர்பிஎம் தடாலென்று விழுந்து, திக்கித் திணறி, சில நேரம் ஆஃப் ஆகிறது.

ஏசி போட்டால் இது இன்னும் நன்றாகத் தெரியும். கம்ப்ரஸர் சேரும் நேரத்தில் இன்ஜினுக்குக் கூடுதல் காற்று தேவை. ஏசியை அணைத்ததும் உதறல் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால், வேறு எதையும் மாற்றும் முன் ஏர் ஃபில்டரையும் த்ராட்டில் பாடியையும் பார்க்கச் சொல்வது நல்லது. பெரும்பாலும் அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயும் துணியும் போதும், புது பார்ட்ஸ் தேவைப்படாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் கார்களில் த்ராட்டிலைத் திறப்பது மோட்டார். அந்தக் கதவை விரலால் நெம்பினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் கெட்டுப்போகலாம். சுத்தம் செய்த பிறகு பல கார்களில் ஸ்கேனர் மூலம் ஐடிலிங்கை மறுபடி 'கற்றுக்கொடுக்க' வேண்டும். கரி இருந்த காலத்து அளவையே கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருப்பதால், இதைச் செய்யாவிட்டால் ஆர்பிஎம் தாறுமாறாக ஏறும். 'க்ளீன் பண்ணதுக்கு அப்புறம்தான் மோசமாச்சு' என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

பிளக், காயில்: மாற்றும் முன் ஒரு சோதனை

உதறல் சீரான தாளத்தில் 'டுப்... டுப்...' என்று வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண நிக்கல் ஸ்பார்க் பிளக் 20,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும், இரிடியம் பிளக் ஒரு லட்சம் கி.மீ. வரைகூடப் போகும். உங்கள் காருக்கான கணக்கு ஓனர் மேனுவலில் இருக்கும்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் வேலை சுலபம். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோடு வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர். பி0301 வந்ததும் புது காயில் வாங்க ஓட வேண்டாம். முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாமல் பி0301-லேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன் என அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை, செலவும் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நடந்தது போல வெள்ளத்தில் நின்ற கார் என்றால், காயில் கனெக்டரிலும் பிளக் குழியிலும் துரு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாய் பிளக்கோடு முடிய வேண்டியது பல ஆயிரங்களுக்குப் போவது இப்படித்தான்.

'உஸ்' என்று சத்தம் வந்தால்

ரப்பர் ஹோஸ் வெடித்தாலோ, எலி கடித்தாலோ, அளக்கப்படாத காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழையும். ஐடிலிங் மோசமாகவும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகவும் இருக்கும். பி0171 கோடு வருவதும் உண்டு. பானட்டைத் திறந்து கேட்டால் சீறல் சத்தம் கேட்கலாம். கார்புரேட்டர் ஸ்ப்ரேயை அடித்து ஓட்டையைத் தேடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும் வேலை. புகை செலுத்திப் பார்க்கும் சோதனை ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உதறல் கூடி, பெடல் பக்கம் சீறல் கேட்டால் அசட்டையாக இருக்கக் கூடாது. பிரேக் பூஸ்டர் இன்ஜினின் வேக்யூமில்தான் வேலை செய்கிறது. அது லீக் ஆனால் ஐடிலிங்கோடு பிரேக்கும் போகும். வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு பெடல் கல் மாதிரி ஆகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் காரை எடுக்காமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

பங்க், சிஎன்ஜி, ஆட்டோமேட்டிக்

பெட்ரோல் போட்ட அன்றே உதறல் ஆரம்பித்தால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பங்க் தொட்டியில் மழைநீர் அதிகமாகப் புகுந்தால் இரண்டும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். சிஎன்ஜி காரில் கேஸில் மட்டும் உதறி, பெட்ரோலில் சரியாக ஓடினால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில், நிற்கப் போகும் கடைசி நொடியில் குலுங்கி ஆஃப் ஆனால் லாக்-அப் கிளட்ச் விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். மேனுவல் காரில் கிளட்ச் மிதிக்காமல் பிரேக் பிடித்தால் என்ன ஆகுமோ, அதேதான். இதற்கு கியர்பாக்ஸ் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

நடுரோட்டில் ஆஃப் ஆனால்?

சிக்னலில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி உள்ள கார் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த வசதி இல்லாத கார் உருண்டுகொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டால், பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாகப் பிடியுங்கள். பவர் ஸ்டீயரிங் உதவி போனால் ஸ்டீயரிங் கனமாகிவிடும், பலம் கொடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். சாவியை முழுதாக அணைத்து எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம், அதைச் செய்யவே கூடாது. ஹசார்ட் விளக்கைப் போட்டு, ஓரம் கட்டி நிறுத்திய பிறகே மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.