விசென்ட்டே ரோஹோ

விசென்ட்டே ரோஹோ (அக்டோபர் 8, 1894 – ஜூன் 15, 1966) ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பின் தலைமைப் படைத்திட்ட அதிகாரியாகப் பணியாற்றிய தளபதி. 1936 நவம்பரில் மாட்ரிட் நகரைப் பாதுகாத்த திட்டம் இவருடையது. புருனெட்டே, தெருவேல், எப்ரோ ஆகிய தாக்குதல்களை வகுத்தவரும் இவரே. குடியரசுப் படை என்றால் கம்யூனிஸ்டுகள், தொழிற்சங்கத்தினர், வெளிநாட்டுத் தொண்டர்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்படையின் மூளையாக இருந்த ரோஹோவோ தவறாமல் வழிபாட்டுக்குச் செல்லும் கத்தோலிக்கர். எந்தக் கட்சியிலும் சேராத, பழமையில் ஊறிய ராணுவ அதிகாரி.

இளமை

வலென்சியா பகுதியைச் சேர்ந்த ஃபுவென்டே லா ஹிகேரா என்ற ஊரில் பிறந்தார். ராணுவத்தில் பணியாற்றிய தந்தை, மகன் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். சிறு வயதிலேயே தாயையும் இழந்த ரோஹோ, ராணுவத்தினரின் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் வளர்ந்தார். 1911-இல் டொலேடோ நகரின் அல்காசர் கோட்டையில் இயங்கிய காலாட்படைக் கல்லூரியில் சேர்ந்து 1914-இல் அதிகாரியாக வெளிவந்தார். மொரோக்கோவில் சில காலம் பணியாற்றிய பின், 1922-இல் அதே கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பினார். அங்கிருந்த ஆண்டுகளில் சக ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து ராணுவ நூல் வரிசை ஒன்றை நடத்தினார். போர்க்களப் புகழைவிட வரைபடமும் நூலகமுமே அவருக்கு நெருக்கமானவை. 1936-இல் போர் மூண்டபோது அவர் மேஜர் பதவியில்தான் இருந்தார்.

1936 ஜூலையில் தளபதிகள் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, ரோஹோவின் நண்பர்களிலும் மாணவர்களிலும் பலர் அவர்களோடு சேர்ந்தனர். ரோஹோ சேரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குக் கட்டுப்படுவதாகச் செய்த உறுதிமொழியே அவரை அரசின் பக்கம் நிறுத்தியது. அரசியல் சார்பு வேறு, கடமை வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார்.

அல்காசரில் ஒரு சந்திப்பு

அந்த முடிவின் விலை செப்டம்பரிலேயே தெரிந்தது. அவர் படித்த, பின்னர் பாடம் நடத்திய அல்காசர் இப்போது கிளர்ச்சியாளர்களின் கையில் முற்றுகைக்குள் இருந்தது. உள்ளே இருந்த அதிகாரிகள் பலர் அவருக்கு நன்கு தெரிந்தவர்கள். அதனாலேயே சரணடைதல் பற்றிப் பேச அரசு அவரைத் தேர்ந்தெடுத்தது. செப்டம்பர் 9 அன்று கண்கள் கட்டப்பட்ட நிலையில் கோட்டைக்குள் அழைத்துச் செல்லப்பட்டார். கோட்டைத் தலைவர் கர்னல் மொஸ்கார்தோ சரணடைய மறுத்தார். தமக்கு ஒரு பாதிரியாரை அனுப்புமாறு மட்டும் கேட்டார். பழைய தோழர்கள் ரோஹோவைத் தங்களுடனே தங்கிவிடச் சொன்னதாகக் கூறப்படுகிறது. அவர் வெளியே வந்து தன் பணிக்குத் திரும்பினார். அம்மாத இறுதியில் ஃபிராங்கோவின் படை டொலேடோவைப் பிடித்தது.

மாட்ரிட்

நவம்பர் 6 மாலை, ஃபிராங்கோவின் படை மாட்ரிட்டின் வாசலுக்கு வந்தபோது, அரசு வலென்சியாவுக்கு இடம்பெயர்ந்தது. நகரைக் காக்கும் பொறுப்பு தளபதி ஹொசே மியாஹாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுநாள் காலை 6 மணிக்கு முன் திறக்கக் கூடாது என்ற குறிப்புடன் மியாஹாவுக்கும் மற்றொரு தளபதியான போசாசுக்கும் உறையிட்ட ஆணைகள் தரப்பட்டன. இருவரும் காத்திராமல் திறந்து பார்த்தபோதுதான் உறைகள் மாறியிருந்தது தெரிந்தது. காலைவரை காத்திருந்தால் போசாஸ் நகரைவிட்டு வெகுதூரம் போயிருப்பார். அந்த அளவுக்குக் குழப்பம் நிலவிய இரவில் மியாஹாவின் தலைமைப் படைத்திட்ட அதிகாரியாக ரோஹோ பொறுப்பேற்றார். எந்தப் படைப்பிரிவு எங்கே இருக்கிறது, எத்தனை துப்பாக்கி, எவ்வளவு தோட்டா என்ற கணக்கே அவரிடம் இல்லை. அன்றிரவே உட்கார்ந்து அந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கினார்.

நவம்பர் 7 அன்று எதிரியின் சேதமுற்ற டாங்கி ஒன்றில் இறந்துகிடந்த அதிகாரியிடம் ஒரு தாள் கிடைத்தது. அது தளபதி வரேலாவின் தாக்குதல் ஆணை. தெற்குப் புறநகர்களின் மீதான தாக்குதல் வெறும் திசைதிருப்பல், முக்கியத் தாக்குதல் மேற்கே காசா தெ காம்போ பூங்கா வழியாகப் பல்கலைக்கழக நகரை நோக்கி வரும் என்று அதில் இருந்தது. அது ஏமாற்றுத் தாளாகவும் இருக்கலாம். ரோஹோ அதை நம்பத் துணிந்தார். இரவோடு இரவாகத் தன்னிடமிருந்த நல்ல படைகளை மேற்குப் பக்கம் நகர்த்தினார். மறுநாள் தாக்குதல் அங்கேதான் வந்தது. சர்வதேசப் படையணியின் முதல் பிரிவும் அன்றே நகருக்குள் வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் எதிரிகள் மான்சனாரஸ் ஆற்றைக் கடந்து பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் நுழைந்தாலும் அதற்கு மேல் நகர முடியவில்லை. நவம்பர் 23 அன்று ஃபிராங்கோ நேரடித் தாக்குதலைக் கைவிட்டார்.

மக்களின் கைதட்டல் மியாஹாவுக்குக் கிடைத்தது. அவர் அதற்கேற்ற முகமும் பேச்சும் கொண்டவர். ரோஹோ மேசையிலேயே இருந்தார்.

திசைதிருப்பும் தாக்குதல்கள்

1937 மே மாதம் ஹுவான் நெக்ரின் பிரதமரானதும் ரோஹோ முழுப் படைக்கும் தலைமைப் படைத்திட்ட அதிகாரியானார். அவ்வாண்டே தளபதி நிலைக்கு உயர்ந்தார். விமானம், பீரங்கி, பயிற்சி பெற்ற அதிகாரிகள் எல்லாம் எதிர்ப்பக்கம் கூடுதலாக இருந்தன. எனவே எதிரி ஓரிடத்தில் முன்னேறும்போது வேறோரிடத்தில் எதிர்பாராமல் தாக்கி அவன் கவனத்தை இழுப்பதே அவரது வழியாயிற்று. வடக்கைக் காப்பாற்ற ஜூலையில் புருனெட்டே, ஆகஸ்டில் பெல்சித்தே. மாட்ரிட் மீதான புதிய தாக்குதலைத் தடுக்க டிசம்பரில் தெருவேல்.

மூன்றிலும் ஒரே கதை திரும்பியது. முதல் சில நாட்கள் திட்டம் துல்லியமாக நடக்கும், எதிரி திகைப்பான். பிறகு வழியிலுள்ள சிற்றூர்களின் எதிர்ப்பில் படை சிக்கிக்கொள்ளும், ஃபிராங்கோ தன் பெரும்படையைக் கொண்டு வருவார், பிடித்த இடம் பெரும்பாலும் கைநழுவும். கடும் பனியில் 1938 ஜனவரி 8 அன்று தெருவேல் சரணடைந்தது. குடியரசு கைப்பற்றிய ஒரே மாகாணத் தலைநகர் அது. பிப்ரவரி 22-இல் அதுவும் போயிற்று. ஏப்ரல் 15 அன்று எதிரிகள் மத்தியதரைக் கடலை எட்டி, குடியரசின் நிலத்தை இரண்டாகப் பிளந்தனர்.

ஜூலை 25 அதிகாலை குடியரசுப் படை படகுகளிலும் தற்காலிகப் பாலங்களிலும் எப்ரோ ஆற்றைக் கடந்தது ரோஹோவின் மிகச் சிறந்த திட்டம் எனலாம். ஐரோப்பியப் போர் மூண்டால் பிரிட்டனும் பிரான்சும் துணைக்கு வரும் என்று நெக்ரின் காலம் கடத்தப் பார்த்தார். செப்டம்பர் இறுதியில் மியூனிக் ஒப்பந்தம் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தது. நவம்பர் 16 அன்று கடைசிப் படையினர் ஆற்றைத் திரும்பக் கடந்தபோது, ஈடு செய்ய முடியாத வீரர்களையும் ஆயுதங்களையும் குடியரசு இழந்திருந்தது. இருக்கும் சிறு படையை இப்படிச் செலவழித்ததற்குப் பதிலாகத் தற்காப்பில் நின்றிருக்கலாம் என்று ரோஹோவைக் குறைகூறும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அக்குறை முற்றிலும் நியாயமற்றதல்ல. ஆனால் தற்காப்பில் மட்டும் நின்ற வடக்குப் பகுதி சில மாதங்களில் விழுந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தோல்வியும் நாடுகடந்த வாழ்வும்

1939 ஜனவரி 26 அன்று பார்சிலோனா வீழ்ந்தது. பிப்ரவரியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்களும் வீரர்களும் பிரான்ஸ் எல்லையைக் கடந்தனர். ரோஹோவும் அவர்களுள் ஒருவர். நெக்ரின் மாட்ரிட் பகுதிக்குத் திரும்பியபோது ரோஹோ உடன் செல்லவில்லை. இனி எதிர்ப்பது வீண் உயிர்ச்சேதம் என்றும், எல்லையில் தவிக்கும் தம் வீரர்களைக் கவனிப்பதே முதல் கடமை என்றும் அவர் கருதினார். அவரது வாழ்வில் இன்றும் விவாதிக்கப்படும் முடிவு இது. போர் தோற்றுவிட்டது என்று அவர் தந்த மதிப்பீட்டைக் குடியரசுத் தலைவர் அசாஞ்ஞா தம் பதவி விலகல் கடிதத்திலேயே குறிப்பிட்டார்.

பிறகு அர்ஜென்டினா சென்றார். 1943 முதல் பொலிவியாவின் கொச்சபம்பாவில் ராணுவக் கல்வி நிலையத்தில் பாடம் நடத்தினார்.

நோயும் ஊர் ஏக்கமும் வாட்ட, 1957 பிப்ரவரியில் ஸ்பெயின் திரும்பினார். திரும்பிய சில மாதங்களிலேயே வழக்கு தொடுக்கப்பட்டது. குற்றச்சாட்டு: ராணுவக் கிளர்ச்சி. கிளர்ச்சியில் சேர மறுத்தவர்மீது, கிளர்ச்சி செய்து ஆட்சியைப் பிடித்தவர்களின் நீதிமன்றம் சுமத்திய குற்றம் இது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மன்னிப்பு வழங்கப்பட்டது. சிறை செல்லவில்லை, ஆனால் குடியுரிமைகள் பறிக்கப்பட்டன. மாட்ரிட்டில் தம் வீட்டில் எழுதிக்கொண்டே கழித்த அவர் 1966-இல் காலமானார். மாட்ரிட் பாதுகாப்பு பற்றி அவர் எழுதிய நூல் அடுத்த ஆண்டு மெக்சிகோவில் வெளியாயிற்று.