கடற்படையை ஆள்வது யார்?



1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் வென்றதை நம் மாணவர்க்குப் பெருமையோடு கற்பிக்கிறோம். ஆயினும், ஜொகூர் நீரிணைக் கரையில் வாழும் நாம், நம் நாட்டுக் கடற்படை எவ்வாறு நிர்வகிக்கப்படுகிறது என்பதை அவர்களுக்குச் சொல்வது அரிது.

1934-இல் சிங்கப்பூரில் தோன்றிய தொண்டூழியக் கடற்படையே இதன் வேர். 1949-இல் மலாயாக் கடற்படை உருவாயிற்று. 1952-இல் ‘அரச’ என்னும் சிறப்புப் பெயர் பெற்றது. 1957-இல் நாடு விடுதலை பெற்றபின், 1958-இல்தான் அது மலாயா அரசின் பொறுப்பில் வந்தது. அதன் தலைமைத் தளமோ ஜொகூருக்கு எதிர்க்கரையிலுள்ள உட்லண்ட்ஸில் இருந்தது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்ததும், நம் கடற்படையின் தளம் அயல்நாட்டு மண்ணில் அமைந்துவிட்டது! பின்னரே பேராக்கின் லுமுட்டில் புதிய தளம் எழுந்தது.

கப்பலும் தளமும் இருந்தால் போதுமா? ஆணையிடும் உரிமை யாருக்கு என்பதும் தெளிவாக வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 41-ஆம் விதிப்படி மாமன்னரே ஆயுதப்படைகளின் தலைமைத் தளபதி. 137-ஆம் விதி ஆயுதப்படை மன்றத்தை அமைக்கிறது. தற்காப்பு அமைச்சர் அதன் தலைவர். அமைச்சின் தலைமைச் செயலாளர் அதன் செயலாளர். ஆட்சியாளர் மன்றத்தின் பிரதிநிதியும், முப்படைகளின் மூத்த அதிகாரிகளும் அதில் இடம்பெறுவர். கட்டளை, ஒழுங்கு, நிர்வாகம் ஆகியவை இம்மன்றத்தின் பொறுப்பு. படையைக் களத்தில் பயன்படுத்துவது இதன் வரம்பிற்கு அப்பாற்பட்டது. ஆயுதம் ஏந்தியவர் தாமே அரசாகிவிடாதபடி அதிகாரம் இவ்வாறு பகிரப்பட்டுள்ளது. அண்டை நாடுகள் சிலவற்றின் வரலாற்றைப் படித்தோர் இதன் அருமையை உணர்வர்.

இக்கடற்படையைத் தொடக்கத்தில் அயல்நாட்டு அதிகாரிகளே நடத்தினர். 1967-இல் அப்பொறுப்பை ஏற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம் என்னும் தமிழர். அப்பொழுது அவருக்கு வயது 31. 1976 வரை அவர் தலைமை வகித்தார். பிரிட்டன் தன் படைகளை இவ்வட்டாரத்திலிருந்து மீட்டுக்கொண்ட காலம் அது. நம் கடலை நாமே காக்கவேண்டிய நிலை.

இன்று நம் மாநிலத்தின் தஞ்சோங் பெங்கெலியில், ‘கேடி சுல்தான் இஸ்மாயில்’ தளத்தில் புதிய வீரர்கள் பயிற்சி பெறுகின்றனர். கடாரம் பற்றிய பாடத்தோடு இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடற்படைப் பணி தமக்கும் உரியது என்பதை நம் பிள்ளைகள் அறியட்டும்.