மணமக்களின் முதல் நடனம்: மலேசியத் தமிழர் விருந்தில்

திருமண விருந்துக்கு வந்தவர்கள் பார்த்திருக்க, மணமக்கள் இருவர் மட்டும் ஒரு பாட்டுக்கு இணைந்து ஆடுவது முதல் நடனம். ஐரோப்பிய விருந்துக் கூடங்களில் வளர்ந்த இவ்வழக்கத்தை மலேசியத் தமிழரின் கல்யாண டின்னர்களிலும் இன்று காணலாம். அது நுழைய இடம் கொடுத்தது இங்குள்ள திருமணத்தின் அமைப்பு. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது, பதிவு கட்டாயமாயிற்று. பதிவு ஒரு நாள், கோயிலில் தாலி கட்டு ஒரு நாள், மண்டபத்தில் டின்னர் இன்னொரு மாலை என்று கல்யாணம் பிரிந்து கிடக்கும் குடும்பங்கள் பல. ஐயர், அக்கினி, முகூர்த்தம் எதற்கும் கட்டுப்படாத அந்த மாலையில்தான் நடனம் வந்து உட்கார்ந்தது. சடங்கை அது தொடவே இல்லை. பினாங்குப் பெருநிலத்தில் உள்ள ஜுருவில் ஒரு ஜோடி இதற்குத் தயாராகும்போது நடப்பதைக் கவனித்தால், ஆடும் இரண்டு மூன்று நிமிடத்தைவிட அதற்கு முந்தைய வாரங்களே இவ்வழக்கத்தின் உள்ளடக்கம் என்பது தெரியும்.

ஜோடியாக ஆடிப் பழகிய சமூகத்தில் மணமக்கள் ஒத்திகை பார்க்காமலே தளத்தில் இறங்கிவிடலாம்; சின்ன வயதிலிருந்தே ஆடியவர்கள் அவர்கள். நம்மவர் ஆட்டம் பெரும்பாலும் கூட்டத்தின் ஆட்டம். சங்க காலத் துணங்கையும் குரவையும் அப்படித்தான். மாப்பிள்ளையை வரவேற்கும் உறுமி மேளத்துக்கு நண்பர்கள் போடும் ஆட்டமும் அப்படித்தான். அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் பழந்தமிழர் மணத்தை விரிவாகக் காட்டுகின்றன. பந்தல் உண்டு, நல்ல நாள் உண்டு, விருந்து உண்டு. மணமக்கள் ஆடியதாக ஒரு சொல் இல்லை. இரண்டு பாடல்களும் கடைசியில் போய் நிற்பது மணமகளின் நாணத்தில். அறிமுகமற்ற இருவரின் கூச்சத்தை எப்படிக் கரைப்பது என்ற கேள்விக்குப் பிற்காலத் திருமணங்கள் விளையாட்டையே விடையாக்கின: நலங்கில் தேங்காய் உருட்டுவது, குடத்து நீரில் மோதிரம் தேடுவது. முதல் நடனப் பயிற்சி இந்த வரிசையில் சேர வேண்டியது. ஒருவர் காலை மற்றவர் மிதிப்பதும், யார் முதல் அடி எடுப்பது என்று தடுமாறுவதும் மோதிரம் தேடிய கைகள் செய்த அதே வேலையைச் செய்கின்றன. காதலித்து மணப்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். தனிமையில் பழகியவர்களுக்கும் மாமா, அத்தை, பாட்டி முன்னிலையில் கைகோத்து நிற்பது புதிதுதான்.

இது நம் பண்பாடில்லை என்பது முதல் ஆட்சேபம். உண்மை, ஆனால் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் அதையே சொன்னார்கள். 1816 ஜூலையில், அரச விருந்தொன்றில் வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் ஆடப்பட்டதை லண்டன் டைம்ஸ் ஒழுக்கக் கேடு என்று தலையங்கத்தில் சாடியது. பினாங்குத் தமிழருக்கு மேடை இசையும் அந்நியமில்லை. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களின் அல்லிகேட்ஸ் குழு இம்மாநிலத்தில் தோன்றி, மலாய் மெல்லிசையால் நாடெங்கும் பெயர் பெற்றது. கட்டிப்பிடித்து ஆடுவதுதான் பெரியவர்களை உறுத்துகிறது என்றால் வழி பக்கத்திலேயே இருக்கிறது: மலாய் ஜோகெட்டில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நெருங்கி விலகி ஆடுவார்கள், தொடுவதில்லை. இந்த மாதிரியை நம் ஜோடிகள் இன்னும் அதிகம் எடுத்துக்கொள்ளலாம். வால்ட்ஸைக் காட்டிலும் நம் பாட்டுகளுக்கு அது பொருந்தும்.

பாட்டுத் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். வால்ட்ஸ் மூன்றெண்ணிக்கைத் தாளம். போட்டிகளில் மெதுவான வால்ட்ஸ் நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டு. தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பாலானவை நாலெண்ணிக்கையில் போகின்றன. பிடித்த பாட்டு நாலில் இருக்க, மூன்றுக்கான அடியைக் கற்றுக்கொண்டால் எத்தனை வாரம் பழகினாலும் கால் பாட்டோடு சேராது. முதலில் பாட்டைக் கையால் தட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, அடியைப் பிறகு முடிவு செய்வதே முறை. நாலுக்குப் பக்கவாட்டில் இரண்டு அடி வைத்துச் சேர்ப்பது போதும். திரைப்பாட்டின் நீளம் இன்னொரு தொல்லை. முழுப் பாட்டும் ஓடினால், இடையிசை வரும்போது மணமக்கள் செய்வதறியாது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சுற்றுவார்கள். பல்லவி, ஒரு சரணம், மீண்டும் பல்லவி என்று இரண்டரை நிமிடத்துக்கு வெட்டித் தரும்படி டிஜேயிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. வெட்டிய பாட்டிலேதான் பயிற்சியும் நடக்க வேண்டும்.

உடையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. டி-ஷர்ட்டில் லாவகமாக வந்த சுழற்சி, தரையைத் தொடும் லெஹெங்காவிலும் குதிகால் உயர்ந்த செருப்பிலும் வராது. பட்டுச்சேலையில் அடியின் நீளமே பாதியாகிவிடும். அதே நீளப் பாவாடையோடு, அதே செருப்போடு பழகுவதுதான் ஒத்திகை. மாலையைக் கழற்றி வைக்க ஒருவரை நியமிப்பதும் அதில் அடங்கும். ஜுருவைச் சுற்றிய பிறை, புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டைகளில் ஷிப்டு வேலை செய்யும் இருவருக்கு ஒரே மாலை ஓய்வாகக் கிடைப்பது அரிது. அவர்களுக்கு வாரம் ஒரு நீண்ட வகுப்பைவிட, வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு அடிக்கடி கால்மணி நேரம் ஆடுவது கைகொடுக்கும்.

எல்லாம் வீடியோவுக்காக நடக்கும் ஆடம்பரம் என்ற ஆட்சேபத்தை எளிதில் தள்ள முடியாது. புகை, பொறி, பயிற்சியாளர் என்று செலவு ஏறினால், மணமக்கள் தங்கள் கல்யாணத்திலேயே கூலி வாங்காத கலைஞர்களாகிவிடுகிறார்கள். ஆனால் இந்தக் குற்றச்சாட்டு காட்சிக்குத்தான் பொருந்தும், பயிற்சிக்குப் பொருந்தாது. ஆடத் துணியாத ஜோடியும் பாட்டைத் தேர்ந்து, எண்ணி, பழகிவிட்டு, டின்னரில் அதை விட்டுவிடலாம். ஆடுவதாயின் சாப்பாடு வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தட்டு வந்தபின் விருந்தினர் கண் மேடையில் இருக்காது. உறுமிக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டால் மெல்லிசை எடுபடவும் செய்யாது.