உடல் பருமன் அறுவை சிகிச்சை
இரைப்பையின் கொள்ளளவைக் குறைத்தோ, சிறுகுடலில் உணவு செல்லும் பாதையை மாற்றியோ உடல் எடையைக் குறைக்கும் மருத்துவ முறை. இரைப்பை மாற்றுவழி அறுவையை 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் உருவாக்கினார். இன்று பரவலான ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு வெட்டி அகற்றப்பட்டு, குழாய் போன்ற பகுதி மட்டும் எஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பும் குறையும். அகற்றியதைத் திரும்பப் பொருத்த இயலாது. நெஞ்செரிச்சல் கூடக்கூடும் என்பதால், ஏற்கெனவே அத்தொல்லை உள்ளவர்களுக்கு மாற்றுவழி முறையே பெரும்பாலும் ஏற்றது.

2022ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் உடல் நிறைக் குறியெண் 35ஐயும், ஆசியர்களுக்கு 27.5ஐயும் தகுதி வரம்பாகக் கொள்கிறது. தையல் கசிவு, இரத்தக்கட்டு ஆகியவை அரிதான, ஆனால் கடுமையான சிக்கல்கள். அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் திரவ உணவு மட்டுமே. பின்னரும் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். பி12, இரும்பு, கால்சியம் உள்ளிட்ட சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை. இதை ஏற்க மனமில்லாதவர் அறுவைக்கு அவசரப்படலாகாது. பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது அவசியம்.