முதல் பள்ளி நிலைக்காத பின்பும்



"நாலு பேர் என்ன சொல்வார்கள், ஹஜ்ரத்?" நம் மத்ரஸாவில் ஹிஃப்ழு முடித்த மாணவர் ஒருவரின் தாயார் அண்மையில் நம்மிடம் கேட்ட கேள்வி இது. மகன் சட்டம் படிக்க விரும்புகிறார். குர்ஆனை நெஞ்சில் சுமக்கும் பிள்ளை நீதிமன்றப் படியேறுவதா என்று வாப்பா தயங்குகிறார். உறவினர்கள் சிரிக்கிறார்கள். அந்தத் தாயாருக்கு உடனே பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. ஆயினும் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை எதிர்கொண்ட ஒரு பெரியாரின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது. அவர் கண்டியில் பிறந்த முஹம்மது காசிம் சித்தி லெப்பை அவர்கள்.

1838-ஆம் ஆண்டு பிறந்த சித்தி லெப்பை, வழக்கறிஞர் ஒருவரின் மகன். அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்து, தாமும் வழக்கறிஞரானார். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த இலங்கையில் ஒரு முஸ்லிம் இந்நிலையை எய்துவது அக்காலத்தில் அரிது. கைநிறைய வருமானமும் ஊரில் மதிப்பும் இருந்தன. தொழிலைப் பேணி, பிள்ளைகளுக்குச் சொத்துச் சேர்த்து, நிம்மதியாக வாழ்ந்து முடிப்பதே அவரைப் போன்றவரிடம் உலகம் எதிர்பார்த்த பாதை.

ஆனால் தம் சமுதாயத்தின் நிலை அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. அன்று இலங்கை முஸ்லிம்களில் பலர் வணிகர்கள். பிள்ளை குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்டதும் தந்தையின் கடைக்குப் போய்விடுவான். ஆங்கிலப் பள்ளிகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிமார்களின் பொறுப்பில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் என்னாகும் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கல்வியோடு மதமாற்றமும் அப்பள்ளிகளின் நோக்கமாக இருந்தது ஊரறிந்த செய்தி. சைவர்களுக்கும் இதே கவலை இருந்தது. அதனால்தான் ஆறுமுக நாவலர் 1848-ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் தம் சமயப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளி தொடங்கினார். முஸ்லிம்களோ பள்ளியை விட்டு விலகி நிற்பதையே பாதுகாப்பு என்று கருதினர். அதன் விளைவாக அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் தமக்காகப் பேச ஆளின்றிப் பின்தங்கினர்.

இந்த நிலையை மாற்ற சித்தி லெப்பை முதலில் எடுத்த கருவி எழுத்து. 1882-ஆம் ஆண்டு டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். கல்வி கற்காவிட்டால் சமுதாயம் என்னாகும் என்பதை மீண்டும் மீண்டும் எழுதினார். அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். நாடிழந்து வந்த அந்தத் தளபதியும் கல்விப் பணியில் சித்தி லெப்பைக்குத் துணை நின்றார். 1885-இல் சித்தி லெப்பை எழுதி வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் மிகப் பழைய நாவல்களுள் ஒன்று. அதன் நாயகனும் எகிப்தைச் சேர்ந்தவனே.

எழுதுவதோடு அவர் நின்றுவிடவில்லை. 1884-ஆம் ஆண்டு கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி திறக்கப்பட்டது. மார்க்கக் கல்வியும் ஆங்கிலக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். போதிய ஆதரவின்றி அப்பள்ளி நிலைக்கவில்லை.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். ஒரு மனிதர் தொடங்கிய காரியம் எல்லோர் கண்ணெதிரிலும் தோற்றுவிட்டது. "அப்போதே சொன்னோமே" என்று சொல்வதற்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு. வழக்கறிஞர் தொழிலுக்கே திரும்பிப் போயிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ தளரவில்லை. வெளியூர்களுக்குப் பயணம் செய்தார். மக்களைக் கூட்டிப் பேசினார். கண்டி முதலிய ஊர்களில் பள்ளிகள் அமையப் பாடுபட்டார். பிள்ளைகளுக்கான பாடநூல்களைத் தாமே எழுதினார். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு எதற்கு என்று பலரும் கேட்ட காலத்தில், கண்டியில் அவர்களுக்கெனவும் ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

1892-ஆம் ஆண்டு கொழும்பு மருதானையில் 'அல்மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா' உருவானது. இம்முறை அவர் தனியாக இல்லை. கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் உடன் நின்றார். ஒராபி பாஷாவின் ஆதரவும் இருந்தது. அந்த மத்ரஸாவே பின்னாளில் ஸாஹிரா கல்லூரியாக வளர்ந்தது. 1921 முதல் 1948 வரை அதிபராயிருந்த டி.பி. ஜாயா அவர்களின் காலத்தில் அது நாடறிந்த நிறுவனமாயிற்று. ஆனால் சித்தி லெப்பை அதைக் காணவில்லை. 1898-ஆம் ஆண்டு, பள்ளி இன்னும் சிறு செடியாக இருந்தபோதே அவர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இந்த வரலாற்றில் நம்மைப் பெரிதும் கவர்வது அவருடைய துணிவு மட்டும் அன்று. தம்மைச் சந்தேகித்தவர்களை அவர் நடத்திய விதமே நம்மைக் கவர்கிறது. "நீங்கள் அறியாதவர்கள், நான் என் வழியில் போகிறேன்" என்று அவர் சமுதாயத்தை உதறிச் செல்லவில்லை. ஈமான் போய்விடுமே என்ற பெற்றோரின் அச்சத்தில் இருந்த உண்மையை அவர் ஏற்றுக்கொண்டார். அந்த அச்சத்துக்குத் தாம் தந்த பதிலாகவே பள்ளியை அமைத்தார். குர்ஆனும் இருக்கட்டும், ஆங்கிலமும் இருக்கட்டும், இரண்டையும் நம் பிள்ளை நம் கூரையின் கீழ் கற்கட்டும் என்றார். பாதை அவருடையது, அந்தப் பாதையில் தம்மைச் சந்தேகித்தவர்களின் பிள்ளைகளுக்கும் அவர் இடம் வைத்தார்.

ஊரார் சிரிப்பதால் மட்டும் ஒரு காரியம் தவறாகிவிடாது. நபி நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டியபோது, அவ்வழியே சென்ற சமூகத் தலைவர்கள் ஏளனம் செய்ததைத் திருக்குர்ஆன் நமக்கு எடுத்துரைக்கிறது. அதே வேளையில், ஊரார் சிரிப்பதால் மட்டும் ஒரு காரியம் சரியாகிவிடவும் முடியாது. நம் மனம் விரும்புவதையெல்லாம் 'என் பாதை' என்று பெயரிட்டுக்கொள்வது நஃப்ஸின் சூழ்ச்சியாகவும் இருக்கலாம். ஆகவேதான் மார்க்கம் நமக்கு மஷூராவையும் இஸ்திகாராவையும் கற்றுத் தந்துள்ளது. அறிந்தவர்களிடம் ஆலோசித்து, அல்லாஹ்விடம் நன்மையைக் கேட்டு, உறுதி பிறந்தபின் அவன் மீது தவக்குல் வைத்து நடக்க வேண்டும். நடக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு பேச்சுக்கும் நின்று நின்று திரும்பிப் பார்க்கலாகாது.

அந்த மாணவரை அழைத்து இந்த வரலாற்றைச் சொன்னோம். பின்னர் ஒன்றைக் கேட்டோம்: "உன் வாப்பா எதற்கு அஞ்சுகிறார் என்று அவரிடமே கேட்டாயா?" அவர் தலையசைத்து, இல்லை என்றார். மறுவாரம் திரும்பி வந்தார். வெளியூர் விடுதியில் தொழுகை விடுபட்டுவிடும், மனனம் செய்த குர்ஆன் மறந்துவிடும் என்பதே வாப்பாவின் கவலையாம். நாலு பேரின் பேச்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். இப்போது அந்த மாணவர் பள்ளிவாசலுக்கு அருகில் தங்குமிடம் உள்ள கல்லூரிகளை விசாரித்து வருகிறார். நாள்தோறும் ஒரு ஜுஸ்உவை ஃபஜ்ருக்குப் பின் தொலைபேசியில் வாப்பாவிடம் ஓதிக் காட்டுவதாகவும் வாக்களித்திருக்கிறார். வாப்பா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு புதிய வழியைச் சொல்லும்போது, நம் தயக்கத்தில் எவ்வளவு ஈமானைப் பற்றியது, எவ்வளவு ஊர்ப்பேச்சைப் பற்றியது என்று பிரித்துப் பார்ப்போம். பிள்ளைகளே, உங்களைச் சந்தேகிப்பவர்களுக்கு உங்கள் உழைப்பால் பதில் சொல்லுங்கள். முதல் முயற்சி தோற்றால் 1884-ஐயும் 1892-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் சித்தி லெப்பை அவர்களின் பணியை ஏற்று, அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் உறுதியான உள்ளத்தையும் வழங்குவானாக. ஆமீன்.