கெட்டில் கிரில்லில் மின்விசிறி

கெட்டில் கிரில் என்பது அரைக்கோள வடிவக் கிண்ணமும் அதே வடிவ மூடியும் கொண்ட அமெரிக்கக் கரி அடுப்பு. இதன் அடியிலுள்ள காற்றுத்துளையில் சிறிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, உள்ளிருக்கும் வெப்பநிலைக்கு ஏற்ப அதை ஓடவும் நிற்கவும் செய்து சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் வழக்கம், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்க பார்பிக்யூ சமையலில் பரவத் தொடங்கியது. கருவி புதிது, அதன் அடிப்படை எண்ணம் ஏறத்தாழ 400 ஆண்டுகள் பழையது.

முன்னோடி

மூடிய அடுப்பில் சூட்டைத் தீர்மானிப்பது கரியின் அளவைவிடக் கரிக்குக் கிடைக்கும் காற்றின் அளவே. கொல்லர்கள் துருத்தியைக் கொண்டு இதைத்தான் செய்தனர். ஆனால் அவர்களது தேவை சூட்டை ஏற்றுவது. ஏறிய சூட்டை ஓரிடத்தில் நிறுத்துவது வேறொரு சிக்கல். இரசவாதிகளுக்கு அந்தத் தேவை இருந்தது. அவர்களது கலவைகள் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

நெதர்லாந்தின் அல்க்மாரில் பிறந்து லண்டனில் வாழ்ந்த கோர்னெலிஸ் டிரெபெல் (1572–1633) இதற்கு ஒரு வழி கண்டார். தேம்ஸ் ஆற்றில் நீர்மூழ்கிப் படகு ஓட்டியவராகவே இன்று பெரும்பாலும் அறியப்படும் இவர், தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் அடுப்பையும் உருவாக்கினார். சூடு ஏறினால் கண்ணாடிக் கலத்திலுள்ள ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு தண்டை உயர்த்தும். தண்டு காற்றுவழியைச் சாத்தும். சூடு தணிந்தால் வழி மீண்டும் திறக்கும். கோழி முட்டைகளைப் பொரிக்க வைக்கவும் இதே அமைப்பு பயன்பட்டது. 'தெர்மோஸ்டாட்' என்ற பெயர் வெகுகாலம் கழித்து, 1830இல் ஆண்ட்ரூ யூர் பெற்ற காப்புரிமையோடு வந்தது.

மிதவையிலிருந்து அடுப்பு

1952இல் சிகாகோ பகுதியில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் இருந்தவர் ஜார்ஜ் ஸ்டீபன். நீர்வழிகளில் மிதக்கவிடும் உலோக மிதவைகளும் அங்கு தயாராயின. அக்காலத்துத் திறந்த கரி அடுப்புகளில் காற்றும் மழையும் சமையலைக் கெடுத்தன. ஸ்டீபன் மிதவைக் கோளத்தின் ஒரு பாதியைக் கிண்ணமாகவும் மறு பாதியை மூடியாகவும் ஆக்கி, காற்றுத்துளைகளும் கால்களும் வைத்தார். மழைக்காக வந்த மூடிதான் காற்றைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பையும் தந்தது.

ஆனால் இது அரைமணி, ஒரு மணி நேரச் சமையலுக்கான அடுப்பு. மாட்டின் நெஞ்சுக்கறி போன்ற கடினமான இறைச்சியில் கொலாஜன் கரைந்து மென்மையாக, 107 முதல் 121 பாகை செல்சியசில் பத்து மணி நேரத்துக்கும் மேல் வைக்க வேண்டியிருக்கும். கெட்டிலில் இதைச் செய்பவர் இரவெல்லாம் விழித்திருந்து துளைகளை நகர்த்த வேண்டும். அந்தக் காவல் வேலையைத்தான் மின்விசிறி ஏற்றுக்கொண்டது.

விசிறியின் குறை

அமைப்பு எளியது. கம்பித்தட்டின் அருகே ஒரு வெப்ப உணரி. அதைப் படிக்கும் சிறு மின்னணுக் கருவி. அடித்துளையோடு குழாயால் இணைந்த விசிறி. பென்சில்வேனியாவின் பிபிக்யூ குரு நிறுவனம் இத்தகைய கருவிகளை விற்ற முன்னோடிகளில் ஒன்று. பின்னர் ஹீட்டர்மீட்டர் போன்ற திறமூலத் திட்டங்கள் வந்து, வீட்டிலேயே இதைச் செய்ய முடிந்தது. பல கருவிகள் விசிறியின் வேகத்தைக் கணக்கிடும் முறைக்கு, கப்பல்களைத் தானாகத் திசைதிருப்புவது குறித்து நிக்கோலாஸ் மினோர்ஸ்கி 1922இல் எழுதிய கட்டுரை மூலங்களில் ஒன்று. நெஞ்சுக்கறிக்கு இது சற்று அதிகப்படியான கணிதம்தான்.

விசிறியால் சூட்டை ஏற்ற மட்டுமே முடியும்; குளிர்விக்க முடியாது. சூடு மிஞ்சினால் நின்றுவிடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அப்போது மற்ற இடுக்குகள் வழியே காற்று புகுந்தால் தணல் தானாகவே வளரும். கெட்டிலில் இது பெரிய தொல்லை: கிண்ணத்தின் அடியில் மூன்று துளைகள் உண்டு, மூடியும் காற்றுப் புகாதபடி பொருந்துவதில்லை. எனவே விசிறி பொருத்துபவர்கள் மற்ற இரு துளைகளை அலுமினிய நாடாவால் அடைத்து, மேல்துளையைச் சிறிதளவே திறந்து வைக்கின்றனர். கரி முழுவதையும் முதலிலேயே பற்றவைப்பதும் பிழை. ஒரு மூலையில் சில துண்டுகளை மட்டும் கனியவிட்டால்தான் விசிறிக்கு அதிகாரம் இருக்கும்.

மூடியைத் திறக்கும்போது இன்னொரு சிக்கல். உள்ளே சூடு சட்டென விழ, கருவி அதைத் தணல் தளர்ந்ததாகக் கொண்டு விசிறியை முழுவேகத்தில் ஓட்டும்; சாம்பல் பறந்து இறைச்சியில் படியும், மூடியதும் சூடு எல்லை மீறும். ஆகவே திடீர் வீழ்ச்சியைக் கண்டால் சில நிமிடம் விசிறியை நிறுத்திவைக்கும் ஏற்பாடு பின்னர் சேர்க்கப்பட்டது.

போட்டிகளில்

தீயைக் காக்கும் திறமையே பார்பிக்யூவின் உயிர் என்போர் இக்கருவியை ஏமாற்று என்றனர். போட்டிகளுக்கு விதி வகுக்கும் கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி எரிபொருளை வைத்துக் கோடு போட்டது. சமைக்கும் சூடு விறகு, மரத்துகள் உருண்டை, கரி ஆகியவற்றிலிருந்தே வர வேண்டும். எரிவாயுவுக்கும் மின்சூட்டுக்கும் இடமில்லை. ஆனால் காற்றை உந்தும் மின்கருவிக்கு அதன் விதிகள் இசைவு தந்தன.