புகையிலைப் பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, ஹப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் புகையிலை என்றால் சிகரெட்டும் பீடியும் மட்டுமல்ல. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்ந்தே வாய்க்குப் போகிறது. கொழுந்து பறிக்கும் பெண்களும் இதற்கு விலக்கல்ல. இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய். இந்த நோய்க்கான செலவை விற்றவர்களே தரவேண்டும் என்று வழக்காடிப் பணம் பெற்ற நாடுகள் உண்டு. அந்தப் பணம் பிறகு எங்கே போனது என்பதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

அமெரிக்கா: கிடைத்தது, கரைந்தது

1998 நவம்பரில் 46 மாநிலங்கள் பெரும் சிகரெட் கம்பனிகளோடு உடன்படிக்கை செய்தன. முதல் 25 ஆண்டுகளுக்கு மதிப்பிடப்பட்ட தொகை 206 பில்லியன் டொலர். ஆனால் அதை எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை உடன்படிக்கையில் இல்லை. பல மாநிலங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் விழுந்த துண்டை அதைக்கொண்டு அடைத்தன. வட கரோலினாவில் ஒரு பகுதி புகையிலைச் செய்கையாளர்களுக்கே போனது.

விதிவிலக்கு புளோரிடா. அது தனியாக வழக்காடி இணக்கம் கண்ட மாநிலம். அங்கே 2006இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். 2005இல் கிடைத்த தொகையின் 15 சதவீதத்துக்குச் சமமான பணம் ஆண்டுதோறும் புகைத்தல் தடுப்புக்கு என்று எழுதிவைத்தார்கள்.

கனடாவில் 2025 மார்ச்சில் ஒன்ராறியோ நீதிமன்றம் 32.5 பில்லியன் கனேடிய டொலர் இணக்கத்தை அங்கீகரித்தது. பெரும்பங்கு மாகாண அரசுகளுக்கு. தடுப்புக்கெனக் கட்டாயப் பங்கு இல்லையே என்று சுகாதார அமைப்புகள் அங்கும் குறைகூறின.

இலங்கை: வழக்குப் போட்டது கம்பனி

கனடாவில் பணம் செலுத்தும் கம்பனிகளில் ஒன்று பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் துணை நிறுவனம். இலங்கையின் சிலோன் டொபாக்கோ கம்பனியில் சுமார் 84 சதவீதப் பங்கும் அதே தாய்க் கம்பனியிடம்தான். இங்கோ நீதிமன்றம் போனது கம்பனி. பெட்டியில் 80 சதவீதம் எச்சரிக்கைப் படம் போடச் சொன்ன 2012 ஒழுங்குவிதியை அது எதிர்த்தது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அளவைக் குறைத்தது. 2015இல் சட்டத்தைத் திருத்தித்தான் 80 சதவீதம் வந்தது.

இலங்கை கையொப்பமிட்டுள்ள உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, நட்டஈடு கோரும் வழியைப் பேசுகிறது. அதுவரை கையில் இருப்பது வரி. அது திறைசேரிக்குப் போகிறது. தாய்லாந்து 2001இல் மது, புகையிலை வரிக்கு மேல் 2 சதவீதம் அறவிட்டு, அதைச் சுகாதார மேம்பாட்டு நிதியத்துக்கென்றே ஒதுக்கியது. இதற்கு வழக்குத் தேவைப்படவில்லை.

நமக்கு வேண்டியது

பேர் போடாத நாளுக்குச் சம்பளமில்லாத தொழிலாளி, ஆலோசனை கேட்டுக் கண்டிக்கோ கொழும்புக்கோ போகமாட்டார். ஆகவே சேவை லயத்துக்கு வரவேண்டும். தோட்ட மருந்தகத்தில் வாய்ப் பரிசோதனை, தமிழில் பேசும் ஆலோசகர், கசிப்புக்கும் புகையிலைக்கும் சேர்த்து ஒரே இடத்தில் சிகிச்சை ஆகியவற்றைத்தான் நான் கேட்கிறேன். புகையிலை வரியில் இவற்றுக்கு இத்தனை வீதம் என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். எழுதாமல் விட்ட பணம் எப்படிக் கரையும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது.